வைட்டமின் டி குறைவும் சர்க்கரை நோயும்: விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள்

போன வாரம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த உணவு ஆலோசகர் ஒருவர், எல்லைக்கோட்டுச் சர்க்கரையோடு வந்தவரிடம், "உங்களுக்கு டி ரொம்பக் கம்மி, அதனாலதான் சுகர் ஏறுது, மாத்திரை எடுங்க, சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் இருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையே நானும், கிட்டத்தட்ட இதே சொற்களில், ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு விலை கொடுத்தது எதிரே உட்கார்ந்திருந்தவர்தான்.

மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை வாங்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடியும் எழுதப் போவதில்லை.

தவறான டெஸ்ட்

உடலில் வைட்டமின் டி எவ்வளவு இருப்பு என்று காட்டுவது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. இன்னொன்று 1,25-டைஹைட்ராக்ஸி, அதாவது தேவைக்கேற்ப சிறுநீரகம் மாற்றித் தரும் வடிவம். பெயரில் எண் கூடுதலாக இருப்பதாலோ என்னவோ, இரண்டாவதுதான் முழுமையான டெஸ்ட் என்று நினைத்து அதைக் கேட்பவர்களை இன்றும் பார்க்கிறேன். இருப்பு குறையும்போது, ரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்டும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறும், அது சிறுநீரகத்தை முடுக்கி அந்த இரண்டாவது வடிவத்தை இன்னும் செய்யச் சொல்லும். அதனால் நல்ல குறைபாடு உள்ளவருக்கே இந்த டெஸ்டில் நார்மல் என்று வரும், சில சமயம் அதிகம் என்றுகூட வரும். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு "எனக்கு டி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவரிடம் என்ன பேசுவது?

அலகு

டி ரிப்போர்ட்டில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமும் லிட்டருக்கு 50 நானோமோலும் ஒன்றுதான். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்துவிட்டுப் பேசுங்கள்.

"டி ஏறினால் சர்க்கரை வராது"

இதுதான் நான் செய்த தவறு, இன்னமும் எரிச்சல் வருவதும் இதை நினைத்துத்தான்.

என்னிடம் வந்தவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை, வயிற்றில் சதை, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, மூன்று மாத சராசரி (HbA1c) 6.0, இரண்டும் எல்லைக்கோட்டில், டி 11 நானோகிராம். இத்தனை எண்களில் என் கண்ணில் பட்டது அந்த 11 மட்டும்தான், ஏனென்றால் அதற்கு முந்தைய மாதம்தான் டி குறைந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் வருகிறது என்று எங்கோ வாசித்திருந்தேன். நடை, எடை, தூக்கம் எல்லாவற்றையும் அவசரமாக இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, டி பற்றி மட்டும் இருபது நிமிடம் பேசினேன். அவர் மருத்துவர் எழுதிய மாத்திரையை ஒரு வேளை தவறாமல் எடுத்தார். நான்கு மாதம் கழித்து, "மேடம், டி 42 ஆயிடுச்சு!" என்று சிரித்த முகத்தோடு வந்து நின்றார். நானும் சேர்ந்து மகிழ்ந்தேன். அப்புறம் ஒரு வருடம் அவர் வரவேயில்லை, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். திரும்பி வந்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 138, சராசரி 7.1, அதாவது சர்க்கரை நோயே வந்துவிட்டது. டி மட்டும் இன்னும் நாற்பதுக்கு மேலேயே இருந்தது.

நான் வாசித்தது பொய்யில்லை. ரத்தத்தில் டி குறைவாக இருப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு அதிகம் வருவதை வெவ்வேறு நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் வைட்டமின் டிக்கான ஏற்பிகள் இருக்கின்றன, இன்சுலின் வெளியேறவே கால்சியம் வேண்டும், ஆகவே காரணம் சொல்லவும் வழி இருக்கிறது. நான் கேட்க மறந்த கேள்வி ஒன்றுதான்: டி யாருக்குக் குறைகிறது? வெளியே போகாமல் உட்கார்ந்தே இருப்பவருக்கு, வயதானவருக்கு, உடல் பருமன் உள்ளவருக்கு. டி கொழுப்பில் கரையும் சத்து. உடலில் கொழுப்பு கூடும்போது அது அங்கே பரவித் தங்கிவிடுகிறது, ரத்தத்தில் அளவு இறங்குகிறது. சர்க்கரை நோய் யாருக்கு வருகிறது என்று கேட்டால் பெரும்பாலும் அதே ஆட்களைத்தான் சொல்ல வேண்டும். வயிற்றுச் சதையும் அசையாத உடம்பும் டியையும் இறக்கி, சர்க்கரையையும் ஏற்றிக்கொண்டிருந்தன. நான் டியை மட்டும் தூக்கி நிறுத்திவிட்டு மற்றதை அப்படியே விட்டேன்.

மாத்திரை கொடுத்தால் நோய் வருவது நிற்குமா என்று நேரடியாகச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் டி2டி என்ற ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 2,423 பேரில் ஒரு பாதிக்கு தினமும் 4,000 ஐயூ (வைட்டமின் அளவைக் குறிக்கும் அலகு) டி, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. முடிவு 2019இல் வந்தது. சுமார் இரண்டரை வருடத்தில் டி எடுத்தவர்களில் 293 பேருக்கும் எடுக்காதவர்களில் 323 பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம் இது. நார்வேயில் 511 பேரை ஐந்து வருடம் பார்த்ததிலும் உறுதியான பலன் தெரியவில்லை. டி2டியில் சேர்ந்தவர்களின் சராசரி 28 நானோகிராம், பெரும்பாலானவர்களுக்குக் குறைபாடே இல்லை, அதனால்தான் பலன் தெரியவில்லை என்று சொல்வார்கள். நியாயமான பேச்சுதான், 12க்கும் கீழே இருந்தவர்களிடம் பலன் பெரிதாகவே தெரிந்தது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் வெறும் 103 பேர், அதுவும் ஆய்வு முடிந்த பிறகு தனியாகப் பிரித்துப் பார்த்த கணக்கு.

2023இல் மூன்று பெரிய ஆய்வுகளின் தரவுகளையும் ஆள் ஆளாக ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ஆபத்து 15 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. மூன்று வருடத்துக்கு 100 பேர் மாத்திரை எடுத்தால் சுமார் 3 பேருக்கு நோய் தவிர்க்கப்படும் என்பதே அதன் பொருள், அதாவது ஒருவரைக் காக்க 30 பேர் எடுக்க வேண்டும். இதற்குப் பக்கத்தில் 2002இல் வெளியான டயாபடீஸ் ப்ரிவென்ஷன் ப்ரோகிராம் என்ற அமெரிக்க ஆய்வை வைத்துப் பாருங்கள். எடையில் 7 சதவீதம் குறைத்து, வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பதை இலக்காக வைத்தவர்களுக்கு ஆபத்து 58 சதவீதம் இறங்கியது. அங்கே ஒருவரைக் காக்க 7 பேர் போதும். என்னை நம்பி வந்தவருக்கு அந்த ஒன்றரை வருடத்தில் நான் இருபது நிமிடம் பேசியிருக்க வேண்டியது இதைப் பற்றி. வயிறு கொஞ்சம் இறங்கியிருந்தால் சர்க்கரையும் இறங்க நல்ல வாய்ப்பு இருந்தது, மாத்திரை நல்லது செய்துகொண்டிருக்கிறது என்ற நிம்மதியை நானே கொடுத்து அந்த வாய்ப்பைத் தட்டிவிட்டேன்.

இப்போதெல்லாம் ரிப்போர்ட் வந்தால் டி இருக்கும் பக்கத்தைக் கடைசியாகத்தான் திருப்புகிறேன். முதலில் இடுப்புச் சுற்றளவு, அப்புறம் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை இருக்கிறது, அதெல்லாம் முடிந்தபின் டி. புதிதாகச் சேர்ந்தவரிடமும் அன்று மாலை இதைத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், மறுநாளே அந்த மனிதருக்குப் போன் போட்டு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

30ஐத் துரத்துவது

எலும்புக்கு 20 நானோகிராம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் போதும் என்று அமெரிக்க இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2011இலேயே சொல்லிவிட்டது. 30 இருக்க வேண்டும் என்று அதே வருடம் சொன்ன, ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டியும் 2024இல் அந்த இலக்கைக் கைவிட்டது. 24 என்று வந்ததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வார மாத்திரையை தினமும் விழுங்குவது

ஒரு பெரியவரை அவர் மகள் அழைத்து வந்தார். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு. சுகர் எகிறிவிட்டது என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். சோதித்தால் சர்க்கரை சரியாக இருந்தது, கால்சியம்தான் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வாரம் ஒன்று என்று எழுதிய அதிக வீரிய டியை இரண்டு மாதமாக தினமும் எடுத்திருக்கிறார். டி மிஞ்சினால் கால்சியம் ஏறும், அதன் அறிகுறிகள் சர்க்கரை நோயைப் போலவே இருக்கும், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் கெடும். மாத்திரை அட்டையின் மேலேயே கிழமையை எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் போதாது. மொத்தமாக ஒரே அடியாகக் கொடுத்துவிட்டால் வேலை முடியுமே என்றும் நினைக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை 5 லட்சம் ஐயூ கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வில் வயதான பெண்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடியது.

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காய்வது

டி வராது. தோலில் அதை உண்டாக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

டி எடுக்கிறோமே என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது

கூடவே கூடாது.

"அப்படியானால் டியே தண்டம்"

இது எதிர்ப்பக்கம் போய் விழுவது. 11 என்று இருந்தவருக்கு மாத்திரை தேவைதான், எலும்புக்கும் தசைக்கும். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்கு டி கொடுக்கலாம் என்று எண்டோகிரைன் சொசைட்டியின் 2024 வழிகாட்டுதலே சொல்கிறது, ஆனால் வாழ்க்கைமுறை மாற்றத்தோடு சேர்த்து. மருத்துவர் எழுதினால் எடுங்கள். எடுத்துவிட்டு, வெளியே இறங்கி நடங்கள்.

மாதா மாதம் டி டெஸ்ட்

வேண்டாம். மாத்திரையின் அளவை மாற்றினால் ரத்தத்தில் டி புதிய நிலைக்கு வந்து நிற்க மூன்று மாதம் ஆகும்.