ஓய்வுபெற்ற சேஃப்டி ஒருவர் புகழ் மண்டபத்துக்குத் தகுதியானவரா என்பதை எடைபோடுவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தில் சேஃப்டி என்பவர் தற்காப்பின் கடைசி ஆள். அவரைக் கடந்து பந்து போய்விட்டால் பெரும்பாலும் அது டச்டவுனில்தான், அதாவது எதிரணி பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசென்று புள்ளி பெறுவதில்தான், முடியும். இரண்டு புள்ளி தரும் ஒரு நிகழ்வுக்கும் இதே பெயர் உண்டு என்றாலும், இங்கே நாம் பேசுவது ஆட்டக்காரரின் இடத்தைப் பற்றி மட்டுமே. பந்தைச் சுமந்து ஓடுபவருக்கு யார்டுக் கணக்கு இருக்கிறது, பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு வீச்சுக் கணக்கு இருக்கிறது; ஆனால் சேஃப்டி மிகச் சிறப்பாக ஆடிய நாளில், எதிரணி அவர் பக்கம் வீசத் துணியாமலே போயிருக்கும், ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதப்பட்டிருக்காது. நடக்காமல் போனதை எப்படி அளப்பது என்பதே இந்த மதிப்பீட்டின் முழுச் சிக்கல். கீழே சொல்லும் வரிசையில் சென்றால் அந்தச் சிக்கல் ஓரளவு அவிழும் என்று நம்புகிறேன்.

முதலில் மண்டபத்தின் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்க, ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் 1963ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தப் புகழ் மண்டபத்துக்கு ஓர் ஆட்டக்காரரின் பெயர் பரிசீலிக்கப்பட, அவர் ஆடுவதை நிறுத்தி ஐந்து பருவங்கள் முழுமையாகக் கழிந்திருக்க வேண்டும். தேர்வுக் குழுவினரில் 80 விழுக்காட்டினர் ஆதரித்தால்தான் அவர் உள்ளே செல்ல முடியும். ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை களத்தில் செய்தவை மட்டுமே கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்பதும் விதி. எனவே அவர் நல்ல மனிதரா, தொலைக்காட்சியில் நன்றாகப் பேசுகிறாரா என்பவற்றை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து, அவர் எத்தனை பருவங்கள் உண்மையில் சேஃப்டியாக ஆடினார் என்று பாருங்கள். ரானி லாட், களத்தின் ஓரத்தில் பந்துபிடிப்பாளர்களைக் காக்கும் கார்னர்பேக்காகத் தொடங்கி, 1985 முதல் சேஃப்டியாக மாறியவர். ராட் உட்சனும் சார்லஸ் உட்சனும் தங்கள் பிற்காலத்தில் சேஃப்டி இடத்துக்கு வந்தவர்கள். இப்படிப்பட்டவர்களின் மொத்தச் சாதனை எண்களை, முதல் நாளிலிருந்து சேஃப்டியாகவே ஆடியவரின் எண்களோடு ஒப்பிடுவது முறையாகாது. சேஃப்டிகளுக்குள்ளேயும் ஃப்ரீ சேஃப்டி ஆழத்தில் நின்று வானத்தைக் காப்பவர், ஸ்ட்ராங் சேஃப்டி முன்னேறி வந்து ஓட்டத்தைத் தடுப்பவர் என்ற பழைய பிரிவு இருக்கிறது. இன்று அந்தக் கோடு மங்கிவிட்டாலும், நீங்கள் எடைபோடும் ஆள் எந்தப் பணிக்காகச் சம்பளம் வாங்கினார் என்பதை அறியாமல் அவருடைய எண்களைத் தொடக்கூடாது.

எண்களில் முதலில் கண்ணில் படுவது இடைமறிப்பு, அதாவது எதிரணி வீசிய பந்தைத் தானே பிடித்துக்கொள்வது. பால் க்ராஸ் 81 இடைமறிப்புகளோடு இன்றுவரை முதலிடத்தில் இருக்கிறார். 1967இல் மண்டபத்தில் நுழைந்த முதல் கறுப்பின ஆட்டக்காரரான எம்லன் டனல் 79 எடுத்தவர். எண்ணிக்கையே அளவுகோல் என்றால் க்ராஸுக்காகக் கதவு உடனே திறந்திருக்க வேண்டும். 1979ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஓய்வுபெற்ற அவர் உள்ளே சென்றதோ 1998இல்தான். ஓடிவருபவரை மோதி வீழ்த்துவதில் அவருக்கு ஆர்வமில்லை என்ற குறை நெடுங்காலம் அவரைத் துரத்தியது. மறுபுறம், ஸ்டீவ் அட்வாட்டர் 24 இடைமறிப்புகளோடும் ஜான் லிஞ்ச் 26 இடைமறிப்புகளோடும் உள்ளே இருக்கிறார்கள். ஆகவே இந்த எண்ணிக்கை ஒரு சாட்சி, அவ்வளவுதான். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தச் சாட்சியைக்கூட அதன் காலத்தில் வைத்தே விசாரிக்க வேண்டும். 1961 முதல் 1977 வரை ஒரு பருவத்துக்கு 14 ஆட்டங்கள், 1978 முதல் 16, 2021 முதல் 17. அந்த 1978ஆம் ஆண்டிலேயே, பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக்கூடாது என்ற விதி வந்து, வீச்சு ஆட்டத்தின் முகத்தையே மாற்றியது. குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் சேக் 1982 முதல்தான் அதிகாரபூர்வமாகக் கணக்கிடப்படுகிறது. அதற்கு முந்தையவருக்கு அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதைக் குறையாகக் கொள்ளாதீர்கள். பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளின் எண்ணிக்கையை அணிக்கு அணி வெவ்வேறு கையால் எழுதியிருக்கிறார்கள் என்பதால், இரண்டு அணிகளின் ஆட்டக்காரர்களை அதைக் கொண்டு ஒப்பிடுவதை நான் முற்றிலும் தவிர்ப்பேன். எண்களை எண்களோடு ஒப்பிட வேண்டுமானால், அதே பத்தாண்டில் அதே பணியைச் செய்த ஐந்தாறு பேரை மட்டும் பக்கத்தில் வையுங்கள்.

இப்போது படக்காட்சிக்கு வாருங்கள். இந்த மதிப்பீட்டில் மிகுதியான நேரம் செல்ல வேண்டிய இடம் இதுதான். தொலைக்காட்சி ஒளிபரப்பில் படக்கருவி பந்தின் பின்னாலேயே செல்வதால், பந்து ஆட்டத்துக்குள் விடப்படும் ஸ்னாப் நடக்கும் கணத்தில் ஆழத்தில் நிற்கும் சேஃப்டி பெரும்பாலும் திரைக்கு வெளியே இருப்பார். பந்து வந்து சேரும்போதுதான் எங்கிருந்தோ தோன்றியவர்போல் தெரிவார். களத்தின் 22 பேரையும் ஒரே சட்டத்தில் காட்டும் உயரக் கோணக் காட்சியை, 2012 முதல் என்எஃப்எல் எனும் தொழில்முறை லீக், ரசிகர்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறது. கிடைக்குமானால் அதையே பாருங்கள்.

சாதனைத் துணுக்குகளைப் பார்க்க வேண்டாம். நான்கு முழு ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். அவற்றில் இரண்டு, அக்காலத்தின் சிறந்த குவார்ட்டர்பேக்குகளுக்கு எதிரானவையாகவும், ஒன்று அவருடைய அணி மோசமாகத் தோற்றதாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு ஆட்ட நகர்வையும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை சேஃப்டியை மட்டும்: ஸ்னாப்புக்கு முன் எங்கே நின்றார், தோழர்களை இடம் மாற்றினாரா, முதல் மூன்று அடிகளை எந்தத் திசையில் வைத்தார், பொய்யான ஓட்டத்துக்கு ஏமாந்தாரா. இரண்டாம் முறை எதிரணிக் குவார்ட்டர்பேக்கை மட்டும்: அவர் கண் முதலில் எங்கே சென்றது, அங்கிருந்து ஏன் திரும்பியது. ஆழத்தில் ஒருவர் ஓடிக்கொண்டிருக்க, வீசுபவர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு ஐந்து யார்டுத் தூரத்தில் நிற்பவருக்குப் பந்தைத் தட்டிவிடுகிறார் என்றால், இடையில் நின்ற சேஃப்டிக்கு ஒரு கோடு போடுங்கள். எந்தப் புள்ளிவிவரப் பக்கத்திலும் இல்லாத கணக்கு அது. அதே தாளில், தலைக்கு மேல் பந்தைப் போகவிட்டவை, கைநழுவிய டேக்கிள்கள் ஆகியவற்றையும் நேர்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எட் ரீடின் ஆட்டங்களை இவ்வாறு பார்த்தால், அவருடைய 64 இடைமறிப்புகளைவிட, அவர் வேண்டுமென்றே வெற்றிடம் காட்டி வீசுபவரை இழுத்த விதமே மனத்தில் நிற்கும். வீசலாம் என்று தோன்றும்வரை தள்ளி நின்று, கை ஓங்கியதும் பாய்வார். எடுத்த பந்தோடு ஓடிச் சேர்த்த 1,590 யார்டுகள் வரலாற்றிலேயே மிக அதிகமானவை. ட்ராய் போலமாலு 2010இல் டென்னசி டைட்டன்ஸ் அணிக்கு எதிராக, ஸ்னாப் நடந்த அதே நொடியில் முன்வரிசையின் தலைக்கு மேலே தாவிக் குவார்ட்டர்பேக் கெர்ரி காலின்ஸை வீழ்த்தினார். ஏட்டில் அது ஒரு சேக் மட்டுமே. ஆனால் அதைப் பார்த்த பிற அணிகள், அவர் எங்கே நிற்கிறார் என்று ஒவ்வொரு முறையும் தேடவேண்டியதாயிற்று. எச்சரிக்கை ஒன்றும் உண்டு: 1990இல் அட்வாட்டர் கிறிஸ்டியன் ஒகோயேயை மோதி நிறுத்திய காட்சி புகழ்பெற்றது, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காதது, எனினும் அவருடைய தகுதி ப்ரோ பவுல் எனும் நட்சத்திர ஆட்டத்துக்கான எட்டுத் தேர்வுகளிலும், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இரண்டு வெற்றிகளிலும் இருக்கிறதேயன்றி அந்த ஒரு மோதலில் இல்லை.

விருதுகளைப் படிக்கும்போது, ப்ரோ பவுலையும் ஆல்-ப்ரோ முதல் அணியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ப்ரோ பவுலில் ரசிகர் வாக்கும் சேர்வதால் பழகிய பெயர்களுக்கு அங்கே இடம் எளிதாகக் கிடைக்கும். ஆல்-ப்ரோ முதல் அணியோ லீக் முழுவதிலும் அந்த ஆண்டின் மிகச் சிறந்தவர்களுக்கு மட்டுமே உரியது. லிஞ்ச் ஒன்பது ப்ரோ பவுல்களுக்குச் சென்றவர், முதல் அணியில் இருமுறை இடம்பெற்றவர். லெராய் பட்லர் நான்கு ப்ரோ பவுல்கள், நான்கு முதல் அணித் தேர்வுகள். நான் பட்லரின் பட்டியலையே கனமானதாகக் கருதுகிறேன். ஆனாலும் மண்டபம் லிஞ்சை 2021இலும் பட்லரை 2022இலும் அழைத்தது.

ஆட்டக்காலம் எவ்வளவு நீளம் என்பதில் கடுமையாக இருக்க வேண்டியதில்லை. கென்னி ஈஸ்லி 1981 முதல் 1987 வரை ஏழே பருவங்கள் ஆடி, சிறுநீரக நோயால் நிறுத்த நேர்ந்தவர். 1984இல் பத்து இடைமறிப்புகளோடு ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் ஆனார். 2017இல் உள்ளே சென்றார். அதே விருதை 2007இல் வென்ற பாப் சாண்டர்ஸால் எட்டுப் பருவங்களில் 50 ஆட்டங்களே ஆட முடிந்தது. ஈஸ்லிக்குச் சரி, சாண்டர்ஸுக்குப் போதாது என்பதே என் கருத்து. உச்சம் குறுகியதாக இருக்கலாம், ஆனால் அந்த உச்சம் சில பருவங்களாவது இடைவிடாமல் களத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

மண்டபத்தின் பழைய போக்கையும் அறிந்திருங்கள். 2000இல் லாட் சென்ற பிறகு 2017இல் ஈஸ்லி வரும்வரை, முதன்மையாகச் சேஃப்டியாகவே ஆடிய ஒருவர்கூடத் தேர்வாகவில்லை. அதன்பின் 2022க்குள் டாக்கின்ஸ், ரீட், போலமாலு உட்படப் பத்துப் பேர் நுழைந்தார்கள். அந்த நீண்ட வறட்சியில் வாசலில் நின்றவர்களை, அப்போது தேர்வாகவில்லையே என்று சொல்லி இன்று தள்ளுவது நியாயமாகாது. அதேபோல, உள்ளே இருப்பவர்களில் மிக மெலிந்த பட்டியல் யாருடையது என்று தேடி, அவரைவிட இவர் மேல் என்று வாதாடுவதும் வேண்டாம். உள்ளே இருப்பவர்களின் நடுவில் வைத்தால் இவர் எங்கே நிற்பார் என்று கேளுங்கள்.

இந்த முறையை டேரன் உட்சனுக்குப் பொருத்திப் பார்ப்போம். 1992 முதல் 2003 வரை டாலஸ் கௌபாய்ஸ் அணிக்கு மட்டுமே ஆடியவர். ஐந்து ப்ரோ பவுல்கள், மூன்று ஆல்-ப்ரோ முதல் அணித் தேர்வுகள், மூன்று சூப்பர் பவுல் வெற்றிகள், 23 இடைமறிப்புகள். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதிப் பட்டியலுக்கு வந்தும் தேர்வாகவில்லை. எண்ணிக்கை மட்டும் பார்ப்பவர் 23இலேயே நின்றுவிடுவார். படத்தைப் பார்ப்பவர், கல்லூரியில், தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னே நிற்கும் லைன்பேக்கராக ஆடிய இந்த மனிதர், இடைவெளியில் நிற்கும் வேகமான பந்துபிடிப்பாளர்களைக் கார்னர்பேக்போல் தனியாகக் காத்ததையும், அடுத்த நகர்விலேயே முன்வரிசைக்கு இறங்கி ஓட்டத்தை நிறுத்தியதையும் காண்பார். ஒருவரே இரண்டு பேரின் வேலையைச் செய்ததால், ஆளை மாற்றாமலே தற்காப்பின் உருவத்தை மாற்ற அவருடைய பயிற்சியாளர்களால் முடிந்தது.

அவருக்கு எதிரான வலுவான வாதம், சுற்றிலும் டீயான் சாண்டர்ஸ், சார்லஸ் ஹேலி போன்ற பெரியவர்கள் இருந்தார்கள் என்பது. இங்கே செய்ய வேண்டியது, அவர்கள் இல்லாத ஆண்டுகளைத் தேடுவது. சாண்டர்ஸ் டாலஸுக்கு வந்தது 1995இல். உட்சன் முதல்முறை ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பெற்றது 1994இல். ஹேலி டாலஸை விட்டுச் சென்றபின், அணி 1997இல் ஆறு வெற்றி பத்துத் தோல்வி என்று சரிந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் உட்சன் ப்ரோ பவுலுக்குத் தேர்வானார். சுற்றியிருந்தவர்களின் நிழலில் வளர்ந்தவர் என்றால் அவர்களோடு சேர்ந்து அவரும் மங்கியிருக்க வேண்டும். என் மதிப்பீட்டில் அவர் தகுதியானவர். பட்டியலின் நடுவுக்குச் சற்றுக் கீழே, ஆனால் உறுதியாக உள்ளே.

ராட்னி ஹாரிசன் வழக்கு இன்னும் கடினமானது. 30 சேக்குகளும் 30 இடைமறிப்புகளும் சேர்த்த முதல் ஆட்டக்காரர் அவர். இருமுறை ஆல்-ப்ரோ முதல் அணி. 2003இல் அந்தப் பெருமை கிடைத்தும் ப்ரோ பவுலுக்கு அழைக்கப்படவில்லை. முரட்டு மோதல்களுக்கான அபராதங்களும், தடைசெய்யப்பட்ட பொருளுக்காக 2007இல் விதிக்கப்பட்ட நான்கு ஆட்டத் தடையும் மறுபக்கம் இருக்கின்றன. தடை, அவர் களத்துக்குக் கொண்டுவந்த உடலைப் பற்றியது என்பதால் அதைக் களத்துக்கு வெளியே தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் 39ஆவது சூப்பர் பவுலில் பிலடெல்பியாவுக்கு எதிராக அவர் எடுத்த இரண்டு இடைமறிப்புகளையும் ஒரு சேக்கையும் முழு ஆட்டமாக அமர்ந்து பாருங்கள். அதற்கு முன் அவர் சான் டியேகோ அணிக்கு ஆடிய ஆண்டுகளின் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அவருக்கும் வாக்களிப்பேன், உட்சனுக்குப் பிறகு.