விண்வெளித் தொடர்பு வலையமைப்பு: ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்

செயற்கைக்கோள் எடுத்த படம் பூமிக்கு எப்படி வந்து சேர்கிறது என்று தேடிப் பார்த்தால், அலைவரிசைப் பெயர்களும் ஆன்டெனா கணக்குகளும்தான் முதலில் வந்து பயமுறுத்தும். அதெல்லாம் அப்புறம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யார் பார்வையில் யார் இருக்கிறார்கள்? விண்கலங்கள் பயன்படுத்தும் ரேடியோ அலைகள் நேர்கோட்டில் போகும். நடுவில் பூமி மறைத்தால் பேச்சு நின்றுவிடும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு, பல நாடுகள் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வலையமைப்புகள் ஏன் இந்த வடிவத்தில் இருக்கின்றன என்று நாமே கண்டுபிடிக்கலாம்.

தேவையானவை: தாள், காம்பஸ், கோணமானி, காஸ் (cos) பொத்தான் உள்ள கால்குலேட்டர். போனைப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் அந்தப் பொத்தான் வந்துவிடும்.

படி 1: ஒரு தரைநிலையம், ஒரு செயற்கைக்கோள்

சர்வதேச விண்வெளி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் சுமார் 400 கி.மீ. பூமியை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 92 நிமிடம். பூமியின் ஆரம் 6,378 கி.மீ.

பூமியை வட்டமாக வரையுங்கள். அதைச் சுற்றி, மிக நெருக்கமாக இன்னொரு வட்டம். அதுதான் சுற்றுப்பாதை. பூமி வட்டத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து, அதைத் தொட்டுச் செல்லும் நேர்கோட்டை இழுங்கள். அதுதான் தரைநிலையத்தின் அடிவானம். கோட்டுக்கு மேலே சுற்றுப்பாதையின் எந்தத் துண்டு இருக்கிறதோ, அவ்வளவுதான் அந்த நிலையத்துக்குத் தெரியும்.

கணக்கு இது: 6,378-ஐ 6,778-ஆல் வகுத்தால் 0.941. அதற்குத் தலைகீழ் காஸ் (cos⁻¹) போட்டால் 19.8 டிகிரி. இருபக்கமும் சேர்த்து 39.6 டிகிரி. 360 டிகிரிக்கு 92 நிமிடம் என்றால் 39.6 டிகிரிக்குப் பத்து நிமிடம். அதுவும் நேர் தலைக்கு மேலே கடந்து போனால்தான். அடிவானத்தை ஒட்டிய சிக்னலில் இரைச்சல் அதிகம் என்பதால் முதல் 10 டிகிரி உயரத்தைக் கழித்துவிட்டால், மிஞ்சுவது ஆறு நிமிடம்தான். ஒரு சுற்றில் மீதி 86 நிமிடமும் அந்த நிலையத்துக்கு விண்கலம் கண்ணிலேயே படாது. அடுத்த சுற்றில் பூமி கொஞ்சம் திரும்பியிருக்கும் என்பதால், விண்கலம் பக்கமே வராமலும் போகலாம்.

உலகம் முழுக்கத் தரைநிலையம் கட்டலாமே என்று தோன்றும். கடல் என்ற ஒன்று இருக்கிறது. ஆரம்ப காலத்தில் கப்பல்களில்கூட ஆன்டெனா வைத்துப் பார்த்தார்கள்.

படி 2: மேலே ஒரு ரிலே செயற்கைக்கோள்

கீழிருந்து பார்க்க முடியவில்லை என்றால் மேலிருந்து பார்க்கலாம். விண்கலத்தின் தகவலை மேலே வாங்கித் தரைக்குக் கைமாற்றும் செயற்கைக்கோள்தான் ரிலே. புவிநிலைச் சுற்றுப்பாதையின் உயரம் 35,786 கி.மீ. பூமியின் மையத்திலிருந்து 42,164 கி.மீ. அங்கே நிறுத்திய செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால், நம் பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்கும்.

அதே கணக்கு: 6,378-ஐ 42,164-ஆல் வகுத்துத் தலைகீழ் காஸ் போடுங்கள். 81.3 டிகிரி. தரையில் அதன் பார்வை அவ்வளவு தூரம் எட்டும். ஆனால் நம் விண்கலம் தரையில் இல்லை, 400 கி.மீ. மேலே இருக்கிறது. அதனால் படி 1-இல் கிடைத்த 19.8-ஐயும் கூட்டலாம். மொத்தம் 101 டிகிரி. அதாவது ஒரே ரிலேயால் இருபக்கமும் சேர்த்து 202 டிகிரி பார்க்க முடிகிறது. சுற்றுப்பாதையில் பாதிக்கும் மேல்!

அப்படியென்றால் எதிரெதிரே இரண்டு ரிலே வைத்தால் வேலை முடிந்ததா? 404 டிகிரி, 360-ஐ விட அதிகம்தானே? காகிதத்தில் முடிந்தது. நிஜத்தில் முடியவில்லை.

படி 3: ரிலே யாரிடம் பேசும்?

இந்தப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது, நிதானமாகப் போடுங்கள்.

ரிலே வாங்கிய தகவலைக் கீழே யாரிடமாவது கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் நாசா, டிடிஆர்எஸ் என்ற ரிலே வலையமைப்பைக் கட்டியபோது, அதன் தரைநிலையத்தை நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸில் வைத்தது. முதல் செயற்கைக்கோள் 1983 ஏப்ரலில் சேலஞ்சர் விண்ணோடத்தில் போனது. வைட் சாண்ட்ஸ் இருப்பது மேற்கு 106 டிகிரி தீர்க்கரேகையில். ஒரு ரிலே அதன் பார்வையில் இருக்க வேண்டுமானால், இருபுறமும் 81 டிகிரிக்குள் நிற்க வேண்டும். எதிரெதிரே வைத்தால் இரண்டில் ஒன்றாவது பூமிக்குப் பின்னால் போய்விடும். ஆகவே ஒன்றை மேற்கு 41 டிகிரியிலும் மற்றதை மேற்கு 171 டிகிரியிலும் நிறுத்தினார்கள். இடைவெளி 130 டிகிரி.

இப்போது ஒவ்வொன்றின் பார்வை எல்லையையும் கோணமானியால் குறியுங்கள். மேற்கு 41-லிருந்து கிழக்கே 101 டிகிரி போனால் கிழக்கு 60. மேற்கு 171-லிருந்து மேற்கே 101 டிகிரி போனால் கிழக்கு 88. நடுவில் 60 முதல் 88 வரை யாருக்கும் தெரியாத ஒரு பட்டை. நிலப்படத்தை விரித்துப் பாருங்கள்: இந்தியப் பெருங்கடல்!

நாசாவின் ஆவணங்களிலும் இந்தப் பகுதி விலக்கு மண்டலம் என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. விண்கலத்தின் உயரம் கூடக் கூட இந்தப் பட்டை குறுகும். நம் கணக்குப்படி ஏறக்குறைய 1,300 கி.மீ. உயரத்தில் மறைந்தே போகும். (சரிபார்க்க: பட்டையின் நடுவான கிழக்கு 74, இரண்டு ரிலேயிலிருந்தும் 115 டிகிரி. 115-இலிருந்து 81.3-ஐக் கழித்து அதற்குக் காஸ் போடுங்கள். 6,378-ஐ அந்த விடையால் வகுத்தால் பூமியின் மையத்திலிருந்து தூரம் வரும், ஆரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

சில நிமிட இடைவெளிதானே, விண்கலத்தில் பதிவு செய்துவைத்து அப்புறம் அனுப்பினால் போயிற்று என்றுதான் இருந்தார்கள். 1991-இல் ஏவிய காம்ப்டன் காமா கதிர்த் தொலைநோக்கியில் பதிவுக் கருவிகள் பழுதாயின. அன்றிலிருந்து அது எடுத்ததை எடுத்தவுடனே அனுப்பியாக வேண்டும். பட்டைக்குள் போகும்போதெல்லாம் தகவல் காற்றோடு போனது. அதற்காகவே ஒரு பழைய ரிலேயைக் கிழக்கு 85 டிகிரிக்கு நகர்த்தி, ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்கு அருகே தனியாக ஒரு தரை முனையம் அமைத்தார்கள். கான்பெரா இருப்பது கிழக்கு 149-இல். 64 டிகிரிதான் வித்தியாசம், எனவே தெரியும். பின்னர் குவாம் தீவில் நிரந்தர நிலையம் வந்தது.

படி 4: தூரத்துக்குக் கொடுக்கும் விலை

தரைநிலையத்துக்கு விண்கலம் அதிகபட்சம் 2,300 கி.மீ. தூரத்தில் இருக்கும். ரிலேக்கோ 44,000 கி.மீ. வரை போகலாம். 19 மடங்கு. சிக்னல் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், 19 பெருக்கல் 19, ஏறக்குறைய 360 மடங்கு பலவீனம். முதல் தலைமுறை டிடிஆர்எஸ் செயற்கைக்கோள்கள் குடை போல விரியும் 4.9 மீட்டர் ஆன்டெனாக்களோடு போனதற்குக் காரணம் இதுதான்.

லேசர் பயன்படுத்தினால் கற்றை விரிவது குறையும், வேகம் கூடும். ஐரோப்பாவின் இடிஆர்எஸ் ரிலே நொடிக்கு 1.8 ஜிகாபிட் வரை லேசரில் வாங்குகிறது. ஆனால் தரைக்கு லேசர் அனுப்பினால் மேகம் மறைக்கும். அதனால் அது கீழே அனுப்புவது ரேடியோவில்தான்.

இன்னொரு வழி, ரிலேக்களையே தாழ்வாக, நிறைய வைப்பது. செயற்கைக்கோள் போன் சேவை தரும் இரிடியம் செயற்கைக்கோள்கள் 780 கி.மீ. உயரத்தில், ஒரு வளையத்துக்கு 11 என்று ஆறு வளையங்களில் சுற்றுகின்றன. ஒன்றையொன்று பார்க்க மட்டும் வளையத்துக்கு 7 போதும் என்று உங்கள் கணக்கு சொல்லும், போட்டுப் பாருங்கள். மிச்சம் நான்கு, கீழே போன் வைத்திருப்பவருக்கு எப்போதும் ஒன்றாவது தெரிவதற்காக.

படி 5: நிலவும் செவ்வாயும்

படம் அதேதான், மறைப்பது மட்டும் வேறு. நிலவின் மறுபக்கத்திலிருந்து பூமி ஒருபோதும் தெரியாது. அதனால் 2019 ஜனவரியில் சாங்'இ-4 அங்கே இறங்குவதற்கு முன்பே, 2018 மே மாதத்தில் சீனா சுவெச்சியாவ் என்ற ரிலேயை நிலவுக்கு அப்பால் அனுப்பிவிட்டது. நிலவுக்குப் பின்னாலேயே நின்றால் அதையும் நிலவு மறைத்துவிடும் என்பதால், ஓர் அகன்ற வளையப் பாதையில் சுற்றவிட்டார்கள்.

சந்திரயான்-3-இல் பிரக்யான் ரோவர் விக்ரம் லேண்டரிடம் மட்டுமே பேசியது. லேண்டருக்குப் பூமியோடு நேரடியாகவும், 2019 முதல் சுற்றிக்கொண்டிருந்த சந்திரயான்-2 ஆர்பிட்டர் வழியாகவும் பேச வழி இருந்தது.

செவ்வாயில் கியூரியாசிட்டி ரோவர் பூமிக்கு நேரடியாக அனுப்பினால் நொடிக்கு அதிகபட்சம் 32,000 பிட். தலைக்கு மேலே கடக்கும் ஆர்பிட்டருக்கு 20 லட்சம் பிட் வரை. ஆனால் ஒரு ஆர்பிட்டர் ஒரு தடவை கண்ணில் படுவது சுமார் எட்டு நிமிடம். படி 1-இன் தரைநிலையத்துக்கு இருந்த அதே தொல்லை!

படி 6: தாமதத்தைக் கணக்கிடுங்கள்

ரேடியோவும் ஒளியைப் போலவே நொடிக்கு 3 லட்சம் கி.மீ. போகும். தூரத்தை 3 லட்சத்தால் வகுத்தால் நொடிகள். நிலவுக்கு 1.3 நொடி. செவ்வாய் 5.5 கோடி கி.மீ. அருகில் வரும்போது 3 நிமிடம், 40 கோடிக்குப் போகும்போது 22 நிமிடம்.

நம் இணையம் தகவல் அனுப்பத் தொடங்கும் முன் ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். செவ்வாய்க்கு அந்தக் கேள்வியும் பதிலுமே 44 நிமிடம் எடுக்கலாம். அதற்குள் ஆர்பிட்டர் அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். இதற்காக, தாமதம் தாங்கும் வலையமைப்பு என்று ஒன்றை உருவாக்கினார்கள். இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வடிவமைத்த வின்ட் செர்ஃபும் அதில் ஒருவர். வழியில் ஒவ்வொரு கணுவும் (விண்கலமோ தரைநிலையமோ) தகவல் மூட்டையைத் தன்னிடமே வைத்திருந்து, அடுத்த கணு பார்வைக்கு வரும்போது கைமாற்றும். 2024 பிப்ரவரியில் ஏவிய நாசாவின் பேஸ் (PACE) செயற்கைக்கோள் இந்த முறையை அன்றாடம் பயன்படுத்துகிறது.

படி 7: நேரில் சரிபாருங்கள்

தொலைதூர விண்கலங்களோடு பேசும் நாசாவின் தரை வலையமைப்பு டிஎஸ்என். அதன் ‘டிஎஸ்என் நவ்’ (DSN Now) இணையப் பக்கத்தைத் திறங்கள். கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா ஆகிய மூன்று இடங்களின் ஆன்டெனாக்கள் இந்த நொடியில் யாரோடு பேசுகின்றன என்று காட்டும். பூமி சுழலும்போது ஏதாவது ஒன்று எப்போதும் பார்க்கட்டும் என்பதற்காக, மூன்றும் ஏறக்குறைய 120 டிகிரி இடைவெளியில் இருக்கின்றன. ஒரு ஆன்டெனாவைச் சொடுக்கினால், சிக்னல் போய்வரும் நேரம் வரும். அதில் பாதியை எடுத்து, நொடிகளாக்கி, 3 லட்சத்தால் பெருக்குங்கள். பக்கத்திலேயே போட்டிருக்கும் தூரத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். வாயேஜர் 1 கண்ணில் பட்டால் அதைத்தான் முதலில் சொடுக்கச் சொல்வேன்: போய்வர ஏறக்குறைய இரண்டு நாள், வேகம் பெரும்பாலும் நொடிக்கு 160 பிட்.

சில சமயம் ஒரே ஆன்டெனாவில் இரண்டு மூன்று விண்கலங்களின் பெயர் தெரியும். பக்கம் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அவை செவ்வாயைச் சுற்றுபவையாக இருக்கும். இங்கிருந்து பார்த்தால் செவ்வாயும் அதைச் சுற்றும் எல்லா விண்கலங்களும் ஒரே ஆன்டெனாவின் பார்வைக்குள் அடங்கிவிடுகின்றன.