பக்கத்திலேயே ஒரு துப்பாக்கி சுடும் ரேஞ்ச்: தேடிப் பிடிப்பது எப்படி?

மெரினாவில் பலூன் சுட்டவர்கள் எல்லாருக்கும் ஒரு மனக்குறை இருக்கும். குறி சரியாகத்தான் வைத்தோம், பலூன் ஏன் வெடிக்கவில்லை? பாதி நேரம் குற்றம் நம் கண்ணில் இல்லை, அந்தத் துப்பாக்கியின் சைட்டில், அதாவது குறி பார்க்கும் அமைப்பில். சரி, அது போகட்டும். கடற்கரையோடு அந்த ஆசை தீராமல், முறையாகச் சுட்டுப் பழக வேண்டும் என்று தோன்றிவிட்டால் எங்கே போவது? தமிழ்நாட்டில் இருந்துகொண்டு புதிதாகத் தொடங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. எதைச் சுடப் போகிறோம்?

இதை முடிவு செய்யாமல் ரேஞ்ச் தேடக் கூடாது. புதியவர்களுக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அல்லது ஏர் பிஸ்டல்தான் சரி. 4.5 மி.மீ. பெல்லட் (சிறு ஈயக் குண்டு), 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்ற வரம்புக்குள் இருக்கும் ஏர் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. ஒரு நீளமான ஹால் இருந்தால் ரேஞ்ச் அமைத்துவிடலாம் என்பதால், ஊருக்குள்ளேயே கிடைக்கும்.

50 மீட்டர் ரைஃபிள் என்றால் பாயின்ட் 22 தோட்டா, லைசென்ஸ், பெரிய இடம் என்று கதை நீளும். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப் போட்டிக்கு வெட்டவெளி வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் ஆடிய பிருத்விராஜ் தொண்டைமானின் ஊரான புதுக்கோட்டையில் அப்படி ஒரு ரேஞ்ச் உண்டு. ஆனால் அது முதல் மாதத்தில் யோசிக்க வேண்டிய விஷயம் இல்லை.

2. எங்கே தேடுவது?

கூகுள் மேப்பில் வெறும் ‘ஷூட்டிங்’ என்று போட்டுவிடாதீர்கள். சென்னையில் அப்படித் தேடினால் சினிமா ஷூட்டிங் பங்களாக்கள்தான் வரிசை கட்டும். ‘ரைஃபிள் கிளப்’, ‘ஏர் ரைஃபிள் அகாடமி’ என்று தேடுங்கள்.

பொதுவாக இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் இருக்கும் ரைஃபிள் கிளப்புகள். உறுப்பினர் படிவம், சிபாரிசு, சரிபார்ப்பு என்று சேர நாளாகலாம். நடிகர் அஜித்குமார் 2022இல் மாநிலப் போட்டிக்காகத் திருச்சி கிளப்புக்கு வந்தபோது ரசிகர் கூட்டம் திரண்டது நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் பல பேருக்கு நம் ஊரில் இப்படி ஓர் இடம் இருப்பதே தெரிந்தது. இன்னொன்று, தனியார் அகாடமிகள். மாதக் கட்டணம் கட்டினால் அடுத்த நாளே சுடலாம். துப்பாக்கி அவர்களுடையது, கோச் கூடவே இருப்பார். இவை தவிர, ரேஞ்ச் வைத்திருக்கும் பள்ளி, கல்லூரிகளும் உண்டு. வெளியாட்களைச் சேர்ப்பார்களா என்று கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

3. கிலோமீட்டரை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள்

இதில்தான் நான் சறுக்கினேன். எலெக்ட்ரானிக் டார்கெட், ஏசி, பளபளவென்று ஜெர்மன் ரைஃபிள்கள் என எல்லாம் உள்ள ஓர் அகாடமியில் மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். வீட்டிலிருந்து 14 கிலோமீட்டர். முதல் மாதம் ஐந்து முறை போனேன், இரண்டாவது மாதம் இரண்டு முறை. மூன்றாவது மாதம் கோச் போன் செய்தபோது எடுக்கவே கூச்சமாக இருந்தது.

இப்போது போகும் இடம் ஒரு மாடியில் நாலே லேன். காகித டார்கெட்டைக் கம்பியில் மாட்டி, கப்பியைச் சுற்றி இழுக்க வேண்டும். ஆனால் ஸ்கூட்டரில் பத்து நிமிடம். வாரம் மூன்று நாள் தவறுவதில்லை.

அதனால் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகப் போகப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் ஒருமுறை வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஞாயிறு காலை 20 நிமிடத்தில் போன தூரம் புதன் மாலை ஒரு மணி நேரம் இழுக்கும். போக அரை மணிக்கு மேல் ஆனால் நான் சேர மாட்டேன்.

4. போனில் கேட்க வேண்டியவை

மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும், கோச் எந்த நாளில் வருவார், பெல்லட்டும் டார்கெட்டும் கட்டணத்தில் சேர்த்தியா தனியா, ஒரு நாள் மட்டும் சுட்டுப் பார்க்க முடியுமா? இடது கைக்காரர் என்றால் அதற்கேற்ற பிஸ்டல் கிரிப் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். வலது கை கிரிப்பை இடது கையில் பிடித்துப் பழகுவது, வலது கால் செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு நடப்பது போல.

பிள்ளைகளைச் சேர்ப்பதாக இருந்தால் குறைந்தபட்ச வயதையும் கேட்டுவிடுங்கள். இடத்துக்கு இடம் மாறும்.

5. நேரில் போய் அரை மணி நேரம் உட்காருங்கள்

துப்பாக்கியைத் தொடவே வேண்டாம், ஓரமாக நாற்காலி போட்டு உட்காருங்கள். முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு. யாராவது டார்கெட் பக்கம் நடந்து போகும்போது மற்ற எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்களா? சுடாத துப்பாக்கியின் குழலில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நைலான் கயிறு செருகியிருக்கிறதா? உள்ளே பெல்லட் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். துப்பாக்கி முனையைப் பக்கத்து லேன் பக்கம் திருப்பிக்கொண்டு யாராவது கதை பேசி, கோச்சும் கண்டுகொள்ளவில்லை என்றால், எழுந்து வந்துவிடுங்கள். ஏசியும் எலெக்ட்ரானிக் டார்கெட்டும் அதற்கு ஈடாகாது.

அடுத்தது வெளிச்சம். ஏர் ரைஃபிள் டார்கெட்டில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ.தான். பேனா முனையால் வைத்த புள்ளி அளவு. 10 மீட்டரில் அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது, தெரிவது 30.5 மி.மீ. கறுப்பு வட்டம் மட்டுமே. அதைத்தான் சைட்டின் வளையத்துக்குள் நடுவாக நிறுத்துகிறோம். டார்கெட் மேல் நிழல் விழுந்தாலோ டியூப்லைட் மினுக்கினாலோ பத்து நிமிடத்தில் கண் கூசிவிடும்.

பிறகு சிலிண்டர். இப்போதைய ஏர் துப்பாக்கிகளில் காற்றைச் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்து வைப்பார்கள். காற்று ஒரேயடியாகக் குறைந்துவிட்டால் பெல்லட் கீழே இறங்கத் தொடங்கும். நீங்களோ உங்கள் கையைச் சந்தேகப்படுவீர்கள். காற்று நிரப்பும் வசதி அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் மேல் பொறித்திருக்கும் காலாவதித் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள்.

கடைசியாகக் கோச். புதிதாக வந்த பையனுக்கு அவர் முதலில் கால் வைக்கும் விதத்தையும் மூச்சையும் சொல்லித் தருகிறாரா, அல்லது “பத்து அடி, பத்து அடி” என்று பின்னால் நின்று விரட்டுகிறாரா? வித்தியாசம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

6. ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள்

வருடக் கட்டணத்தில் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். வேண்டாம். சொந்தத் துப்பாக்கியும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு மாதத்தில் எட்டு முறையாவது போயிருந்தால் அந்த ரேஞ்ச் உங்களுக்கு வசதியானது. இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள். போட்டி ஆசை வந்தால், மாநிலச் சங்கத்தோடு இணைந்த கிளப் வழியாகப் பெயர் கொடுக்க முடியுமா என்று அப்போது விசாரித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் தட்டையான அடி உள்ள ஷூ போட்டுப் போங்கள். அப்புறம், பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் கீழே டீக்கடைக்கு ஓடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள். வடையைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.