கல்யாண நகை: எப்போது, எப்படி வாங்குவது?

அட்சய திருதியை அன்று கூட்டத்தால்தான் விலை ஏறுகிறது என்று நினைக்க வேண்டாம். தங்கத்தின் கிராம் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை சர்வதேச விலை, டாலருக்கு ரூபாய் மதிப்பு, இறக்குமதி வரி ஆகிய மூன்றும்தான். 2024 ஜூலையில் அந்த வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்ததும் விலை சட்டென்று இறங்கியது. முகூர்த்த சீசனில் தேவை கூடும்போது உள்ளூர் விலை இந்த மூன்றும் சேர்ந்து வரும் விலையைவிடச் சற்று மேலே போகும், அவ்வளவே.

ஆகவே நாள் பார்ப்பதைவிட சேதாரத்தை, அதாவது நகை செய்யும்போது வீணாவதாகக் கணக்கிட்டு வாங்கும் தங்கத்தைப் பாருங்கள். பேரம் பேச இடமிருப்பது அங்கேதான். 8 கிராம் (ஒரு பவுன்) சங்கிலிக்கு 12% சேதாரம் என்றால் 8.96 கிராமுக்குப் பணம் கட்டுகிறீர்கள். அதன்மேல் செய்கூலி, பிறகு மொத்தத்துக்கும் 3% ஜிஎஸ்டி. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கடைகள் சேதாரத்தில் தள்ளுபடி தரும். ஐப்பசி, தை கல்யாணத்துக்கு அப்போதே வாங்கிவிடலாம்.

கல் வைத்த நகையில்தான் அதிகம் ஏமாறுவோம். கல் எடையைக் கழித்த நிகர எடைக்கு மட்டும் தங்க விலை போடச் சொல்லுங்கள். பில்லில் இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கல்லுக்கும் தங்க விலை கொடுத்ததாகிவிடும்; விற்கும்போது அந்தப் பணம் போனதுதான்.

22 காரட் என்றால் 916 (91.6% தூய்மை) முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி குறியீடும் (ஒவ்வொரு நகைக்கும் உரிய தனி அடையாளம்) இருக்க வேண்டும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.