மிஷிமாவில் தொடங்கி மிஷிமாவிலேயே முடிப்பவர்கள்

நவீன ஜப்பானின் இலக்கியத்தையும் அரசியலையும் சேர்த்துப் படிக்கப் புகுந்தவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் 1970 நவம்பர் 25. அன்று எழுத்தாளர் மிஷிமா யுக்கியோ டோக்கியோவின் இச்சிகாயாவில் இருந்த தற்காப்புப் படை முகாமுக்குள் போனார். தளபதியை நாற்காலியில் கட்டிவைத்தார், மாடத்தில் நின்று சிப்பாய்களிடம் பேசினார், பிறகு வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். "பார்த்தீர்களா, சாமுராய் ரத்தம்!" என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். கீழே நின்ற சிப்பாய்கள் கேலி செய்து போட்ட கூச்சலில் பேச்சே சரியாகக் காதில் விழவில்லை. பிரதமர் சாத்தோ எய்சாக்கு, அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிற மாதிரிதான் சொன்னார். ஜப்பானியரையே திகைக்க வைத்ததை ஜப்பானிய மனத்தின் சாரம் என்று நாம் சொல்வது வேடிக்கைதான்.

வலதுசாரி மிஷிமா, இடதுசாரி எழுத்தாளர் ஓஎ கென்சபுரோ என்று பிரித்துவிட்டுப் போவதும் சரிவராது. 1969 மே மாதம் டோக்கியோ பல்கலைக்கழகத்தில், இடதுசாரி மாணவர்கள் நிரம்பிய அரங்கில் மிஷிமா வாதாடினார். பேரரசர் என்ற ஒரு சொல்லை மட்டும் நீங்கள் சொல்லிவிட்டால் உங்களோடு கைகோப்பேன் என்றார். ஓஎ 1994-இல் அரசின் பண்பாட்டு விருதை மறுத்தவர். ஆனால் 1961-இல் ஒரு வலதுசாரிச் சிறுவனின் மண்டைக்குள் புகுந்து 'செவன்டீன்' எழுதியதும் அவர்தான்.

நிறையப் பேர் சறுக்குவது இந்தக் கதையில்தான். 1960 அக்டோபர் 12 அன்று, சோஷலிஸ்ட் தலைவர் அசானுமா இனெஜிரோவை மேடையிலேயே 17 வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொன்றான். கதைக்குப் பின்னணி அதுதான். அதன் இரண்டாம் பாகம் வெளிவந்ததும் மிரட்டல்கள் குவிய, பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. ஜப்பானில் அந்தப் பாகம் முறைப்படி நூலில் வந்தது 2018-இல்தான். முதல் பாகத்தை மட்டும் வைத்து ஓஎவின் அரசியலை அலசும் கட்டுரைகள் பாதிக் கதையை அலசுகின்றன. அதே 1961 பிப்ரவரியில், பேரரசர் குடும்பத்தைக் கிண்டல் செய்த வேறொரு கதைக்காகப் பதிப்பாளர் ஷிமானாகாவின் வீட்டுக்குள் இன்னொரு 17 வயதுப் பையன் நுழைந்தான். செத்தது வீட்டுப் பணிப்பெண். ஜப்பானிய எழுத்தாளர்கள் அரசியலைத் தொடுவதில்லை என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், மொழிபெயர்ப்பு. போருக்குப் பின் ஆங்கிலப் பதிப்பகங்கள் தனிசாகி, கவாபாட்டா, மிஷிமா என்று சில எழுத்தாளர்களை மட்டும் பொறுக்கியெடுத்ததில்தான் பனியும் தேநீரும் மௌனமுமான ஒரு ஜப்பான் உருவானது என்கிறார் ஆய்வாளர் எட்வர்ட் ஃபௌலர். நாமும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறோம், அந்தப் பொறுக்கலும் சேர்ந்தே வருகிறது. நண்டுக் கப்பல் தொழிலாளர்களைப் பற்றி 1929-இல் நாவல் எழுதி, 1933-இல் போலீஸ் சித்திரவதையில் இறந்த கொபாயாஷி தக்கிஜி அதற்குள் அடங்கமாட்டார். 2008-இல் ஜப்பானில் அந்த நாவல் திடீரென்று மறுபடி விற்றுத் தீர்ந்தது. நிரந்தர வேலையில்லாத இளைஞர்கள் தேடி வாங்கினார்கள்.

ஜப்பான் என்றால் டோக்கியோ மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 1967-இல் அகுதாகவா என்ற இலக்கியப் பரிசு, தெற்கே இருக்கும் ஓகினாவா தீவுக்காரரான ஓஷிரோ தத்சுஹிரோவுக்குக் கிடைத்தது. அவர் ஊர் அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்தது. 1972 வரை அங்கே போக மற்ற ஜப்பானியருக்கும் பயண ஆவணம் வேண்டியிருந்தது.