ஊர்ப் பக்கம் சுத்திகரிப்பு நிலையம் வருகிறதா? எதிர்க்கும் ஊர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாள் காலையில் மேய்ச்சல் புறம்போக்கில் ஜீப் ஒன்று வந்து நிற்கும். நாலு பேர் இறங்கி முக்காலியை நட்டு அளப்பார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர் நின்று கேட்டால், "சும்மா சர்வேதாங்க" என்பார்கள். ஏழெட்டு மாதம் கழித்து டீக்கடையில் பேச்சு கிளம்பும்: டவுன் சாக்கடை இங்கேதான் வரப்போகுதாம், குப்பை இங்கேதானாம், ஆஸ்பத்திரிக் கழிவாம். அதற்குள் காகிதத்தில் பாதி வேலை முடிந்திருக்கும்.

இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போய் மனு எழுதிக் கொடுப்பதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். மக்கள் சொல்கிற காரணங்கள் பெரும்பாலும் நியாயமானவை. கிணறு, வாய்க்கால், மாட்டுத் தண்ணி, பிள்ளைகள் நடக்கிற பாதை என்று எல்லாமே கண்ணால் பார்த்துச் சொல்கிறவை. அந்த நியாயம் உரிய தேதிக்குள் உரிய மேசைக்கு எழுத்தாகப் போய்ச் சேராததால் கோட்டை விட்ட ஊர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் தவறு, வருவது என்ன என்றே தெரியாமல் எதிர்ப்பது. "சுத்திகரிப்பு நிலையம்" என்கிற ஒரே பெயருக்குள் ஐந்தாறு சங்கதிகள் இருக்கின்றன. வீட்டுச் சாக்கடையைச் சுத்தம் செய்வது ஒன்று. செப்டிக் டேங்க் லாரி கொண்டுவரும் மலக்கசடுக்கான நிலையம் வேறு. சாய ஆலை, தோல் ஆலைக் கழிவுக்கான பொதுக் கழிவுநீர் நிலையம், குப்பைக்கான திடக்கழிவு நிலையம், மருத்துவக் கழிவை எரிக்கும் நிலையம், இவை ஒவ்வொன்றும் தனித்தனி ரகம். பொதுத் தொழிற்கழிவுநீர், பொதுத் திடக்கழிவு, மருத்துவக் கழிவு ஆகிய மூன்றும் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. அதனால் முன் அனுமதி வாங்க வேண்டும், பொதுவாக மக்கள் கருத்துக் கேட்பும் நடக்க வேண்டும். வீட்டுக் கழிவுநீர் நிலையம் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தருகிற நிறுவும் இசைவாணையும் (கட்டத் தொடங்கும் முன் வாங்க வேண்டிய ஒப்புதல்) நிலத்தின் வகைப்பாடும்தான் முக்கியம். கருத்துக் கேட்பு வரும், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசிவரை காத்திருந்து ஏமாந்த ஊர் எனக்குத் தெரியும்.

ஆகவே கையில் முதலில் இருக்க வேண்டியது சர்வே எண். அது கிடைத்தால் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் அந்த நிலம் ஓடையா, மேய்க்காலா, நத்தமா என்று பார்த்துவிடலாம். நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் அதுவே பெரிய பிடி. திட்ட அறிக்கை, எத்தனை டன் அல்லது எத்தனை லிட்டர், எந்தத் தொழில்நுட்பம், மிச்சத் தண்ணீர் எங்கே போகும், இவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

பெயரில் 'சுத்தம்' இருக்கிறது, பயப்பட என்ன இருக்கிறது என்று சமாதானம் சொல்ல வருவார்கள். ராணிப்பேட்டையை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். 2015 ஜனவரி கடைசியில் அங்கே தோல் தொழிற்சாலைகளின் பொதுக் கழிவுநீர் நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்துப்போனார்கள். நிலையம் கட்டுவதோடு காரியம் முடிவதில்லை, யார் எப்படி நடத்துகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதேபோல எல்லா நிலையமும் விஷம் என்று சாதிப்பதும் தவறுதான். பெங்களூருக்குப் பக்கத்து தேவனஹள்ளியில் 2015 முதல் மலக்கசடு நிலையம் இருக்கிறது. நம் பக்கம் கருங்குழியிலும் இருக்கிறது. வாய்ப்பிருந்தால் நாலு பேர் வேன் பிடித்துப் போய்ப் பார்த்து, அங்கே பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேசிவிட்டு வாருங்கள். பார்த்துவிட்டு எதிர்க்கிறவன் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் கலைத்துவிடுவது அடுத்த தவறு. என்னை இன்னும் தூங்கவிடாத ஒன்று இதில் நடந்தது. கொங்குப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் அதிகாரிகள், ஓரத்தில் வீடியோ. எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி, பித்தளைச் சொம்பில் தன் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணியை மொண்டு, மேலே வாழை இலைத் துண்டால் மூடி, சிந்தாமல் கொண்டுவந்திருந்தார். மேடை விளிம்பில் சொம்பை வைத்துவிட்டு, "குடிச்சுப் பாருங்க சாமி. எளநி மாதிரி இருக்குதா இல்லையா? பத்து வருசம் கழிச்சும் இப்படியே இருக்கும்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்றார். அத்தனை பேர் கேள்வியும் அதற்குள் இருந்தது. பதில் வருவதற்குள் பின்வரிசையில் நாற்காலிகள் பறந்தன. மைக் ஒயரைப் பிடுங்கினார்கள். கூட்டம் முடிந்தது. பிறகு கையில் கிடைத்த நடவடிக்கைக் குறிப்பில் சலசலப்பு ஏற்பட்டதாக ஒரு வரி இருந்தது. பாட்டியின் கேள்வி எங்கேயும் இல்லை.

விதி என்ன சொல்கிறது? கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை ஏற்க வேண்டும். முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். முடிவில், பேசப்பட்டதன் சுருக்கத்தை மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இத்தனை பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்கிற கணக்கே கிடையாது, எனவே புறக்கணித்தால் காலி மண்டபத்திலேயே நடத்திவிடலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். மக்கள் தடையின்றிப் பேசும் சூழ்நிலை உள்ளூரில் இல்லை என்று அறிக்கை போனால், அந்தத் திட்டத்துக்குப் பொதுக் கூட்டமே வேண்டாம் என்று முடிவெடுக்க விதியில் இடமிருக்கிறது. நாற்காலியைத் தூக்குகிறவர் அந்த வாசலைத்தான் திறந்துவிடுகிறார்.

அங்கே ஓட்டெடுப்பு நடப்பதில்லை. 500 பேர் "வேண்டாம்" என்று கத்துவதைவிட, 20 பேர் ஆளுக்கொரு கேள்வியாகக் கேட்டு, அதையே எழுத்திலும் கொடுத்து, ரசீது வாங்குவது பலன் தரும். கேட்ட ஒவ்வொன்றுக்கும் திட்டக்காரர்கள் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் பின்னால் வழக்கில் அதுதான் ஆயுதம். பேசப்போகிறவர்கள் முதல் நாள் இரவு கோயில் திண்ணையில் உட்கார்ந்து யார் எதைக் கேட்பது என்று பிரித்துக்கொள்ளட்டும். பெண்கள் முதலில் பேசட்டும், தண்ணி எடுக்கிறவர்கள் அவர்கள்தான். மருத்துவக் கழிவு நிலையம் என்றால் ஒரு கேள்வியைக் கட்டாயம் வையுங்கள்: 75 கி.மீ. ஆரத்துக்குள் ஏற்கெனவே பொது நிலையம் இருக்கிறதா, அதன் திறன் போதவில்லையா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இந்தக் கணக்கை வைத்துத்தான் பேசுகிறது.

கிராம சபைத் தீர்மானத்தைப் பற்றிக் கொஞ்சம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. "இத்திட்டம் எங்களுக்கு வேண்டாம் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தத் தீர்மானம் திட்டத்தைத் தானாக நிறுத்திவிடாது. நீதிபதி அதைப் படிக்கும்போது காரணம் தெரிய வேண்டும். சர்வே எண், அங்கிருந்து முதல் வீடு எத்தனை மீட்டர், குடிநீர்க் கிணறு எத்தனை மீட்டர், ஓடை எந்தப் பக்கம் ஓடி எந்தக் குளத்தில் சேர்கிறது, எத்தனை குடும்பம், எத்தனை போர் (ஆழ்துளைக் கிணறு) என எல்லாமே உள்ளே வரட்டும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் குப்பை நிரப்பும் இடத்துக்கு ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர் என்று தூரம் வகுத்தன. விதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பவை, நடப்பில் உள்ளதைப் பார்த்து எழுதுங்கள். தீர்மான நகலைச் சான்றோடு அன்றைக்கே வாங்கி வையுங்கள்.

இனி, நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிற தவறு: நிலையம் வருவதற்கு முன்னால் தண்ணீரைச் சோதித்து வைக்காதது.

ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிந்தது, நொய்யல் பாசனத்துக்காக. திருப்பூர்ச் சாயத்தண்ணி வந்து தேங்கி, பாசன அணை சாயக் குட்டை ஆயிற்று. பக்கத்துக் கிணறுகளெல்லாம் உப்பேறின. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளையும், அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும்கூட, மூடச் சொன்னது. நிலையங்கள் இருந்தும் ஆறு செத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளில் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "உங்க கிணறு முன்னாடி நல்லா இருந்ததுக்கு என்ன ஆதாரம்? இந்தப் பக்கம் இயற்கையாவே உப்புத் தண்ணிதானே?" அந்த இடத்தில் தாத்தா காலத்து நினைவு செல்லாது. தேதி போட்ட ஆய்வுக்கூடச் சீட்டு செல்லும்.

அந்தப் பாட்டியின் சொம்புத் தண்ணி ஒரு ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தால் இன்றைக்கு அது ஓர் எண்ணாக நிலைத்திருக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்திலோ, தேசிய அங்கீகாரம் பெற்ற தனியார் கூடத்திலோ கொடுக்கலாம். நிலையம் வரப்போகும் இடத்துக்கு மேட்டுப் பக்கம் இரண்டு கிணறு, பள்ளத்துப் பக்கம் நாலு கிணறு, ஓடையில் ஓரிடம் என்று தேர்ந்தெடுங்கள். மேட்டுக் கிணறு ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அதை விட்டுவிடாதீர்கள். போரிலிருந்து எடுத்தால் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்குக் கூடத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் தருவார்கள், ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். கரைந்த உப்பு, குளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, மலக்கிருமி, இவை எல்லா இடத்துக்கும் பொது. தோல் கழிவு என்றால் குரோமியத்தையும் சேருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் கரைந்த உப்பை லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை. நைட்ரேட் 45. மலக்கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கோடையில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை எடுத்தால் போதும். எடுக்கும்போது கிராம நிர்வாக அலுவலரையோ பள்ளி ஆசிரியரையோ சாட்சிக்கு வைத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சாதாரண ஊர்த் திருவிழாவில் வாணவேடிக்கைக்கு ஆகிற செலவில் இது முடிந்துவிடும்.

அடுத்ததை எழுதக் கை கூசுகிறது, எழுதாமல் விட முடியவில்லை. ஊர்க் கூட்டத்தில் யாராவது ஒருவர் மெல்ல எழுந்து, "இங்க வேண்டாம், காலனிக்கு அந்தப் பக்கம் புறம்போக்கு சும்மாதான் கெடக்குது" என்பார். சிலர் தலையாட்டுவார்கள். அந்த நொடியில் போராட்டம் செத்துவிடுகிறது. அறத்தைப் பேசும் தகுதி போய்விடுகிறது என்பது ஒரு பக்கம். காலனிக்காரர்களும் அதே ஓடைத் தண்ணியைத்தான் புழங்குகிறார்கள், அதே நிலத்தடி நீர்தான். அதிகாரிகளுக்கும் ஊர் இரண்டுபட்டது உடனே தெரிந்துவிடும். மனுவில் முதல் கையெழுத்து எந்தத் தெருவிலிருந்து வருகிறது, போராட்டக் குழுவில் யார் யார், ஆட்சியரைப் பார்க்கப் போகிற வண்டியில் யார் உட்காருகிறார்கள் என்பதை ஆரம்பத்திலேயே சரியாக வையுங்கள். கழிவைத் தொட்டு வேலை செய்கிறவர்களை இழிவாகப் பேசுகிற கோஷம் ஒன்றுகூட வேண்டாம்.

அதிகாரியின் வண்டியை உடைப்பது, அளவுக் கற்களைப் பிடுங்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழக்கு விழுவது கல்லூரிப் பையன்கள் மேல். பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் வேலைக்கும் அலைவது அவர்கள். பேச்சு அதன்பிறகு தண்ணீரைப் பற்றி இருக்காது, ஜாமீனைப் பற்றித்தான் இருக்கும்.

வாய்மொழி உறுதியை நம்பிக் கலைந்துவிடுவதும் உண்டு. சுற்றிலும் மரம் நடுவோம், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை, லாரி ஊருக்குள் வராது என்பார்கள். இவையெல்லாம் அனுமதி ஆணையின் நிபந்தனையாக எழுத்தில் வராவிட்டால் காற்றோடு போய்விடும். சுற்றிலும் நிலத்தடி நீர்க் கண்காணிப்புக் கிணறு, மூடிய லாரி, குப்பையிலிருந்து வடியும் கசிவுநீரைப் பிடிக்கும் தொட்டிக்கு அடிப்பூச்சு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர்கள் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளைக் கடைப்பிடித்த அறிக்கை தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படிக்கிற ஊர் அபூர்வம்.

அனுமதி கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிடாதீர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் கதவு மூடிக்கொள்ளும். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் 1,000 ரூபாய் என்றுதான் விதி வகுத்தது. வழக்கறிஞருக்கு வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

கடைசியாக விளப்பில்சாலை. திருவனந்தபுரம் மாநகரத்தின் குப்பை 2000 முதல் அந்தக் கிராமத்துக்குப் போனது. நிலையம் குப்பைமேடாகி, கசிவுநீர் ஓடையில் கலந்தது. 2011 டிசம்பரில் பஞ்சாயத்தே நிலையத்தைப் பூட்டியது. 2012-ல் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போலீஸ் பாதுகாப்போடு வந்தபோது ஊரே சாலையில் நின்றது. நிலையம் திரும்ப இயங்கவில்லை. நகரம் திண்டாடித்தான் போனது. பிறகு வீட்டிலேயே மக்கவைப்பது, சமையல் கழிவிலிருந்து எரிவாயு, வார்டுக்கு வார்டு உரத்தொட்டி என்று மாறியது. இந்த மாற்று வழிகளை நம் மனுக்களிலும் முதல் பக்கத்திலேயே வைக்கலாம்: நகரத்துக் கழிவை நகரத்திலேயே பிரித்துச் சின்னச் சின்ன இடங்களில் கையாள என்ன முயற்சி நடந்தது என்று கேட்கலாம்.

அப்படிக் கேட்கும்போது நம்மைத் திருப்பிக் கேட்பார்கள். மலக்கசடு நிலையத்தை எதிர்த்த ஒரு கூட்டத்தில், பின்னால் நின்றிருந்த செப்டிக் டேங்க் லாரி டிரைவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணா, உங்க ஊரு வீடுகள்ல எடுக்கறதையும் நாந்தான் கொண்டு போறேன். ராத்திரி பதினோரு மணிக்கு உங்க ஓடைப் பாலத்துக்கிட்டதான் ஓஸைத் தொறந்து விடறேன். எனக்கு வேற எடம் காட்டுங்க." மண்டபம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்றைக்குத் தீர்மானத்தில் இரண்டாவது பத்தி ஒன்று சேர்ந்தது. ஓடைக்கு 60 மீட்டரில் இருக்கிற அந்த இடம் வேண்டாம் என்று முதல் பத்தி. மேட்டுக்காட்டில், வீடும் கிணறும் இல்லாத இரண்டு சர்வே எண்களைக் குறிப்பிட்டு, நம் ஊர்க் கசடையும் சேர்த்து அங்கே கொண்டுபோகலாமா என்று ஆராயுங்கள் என்பது இரண்டாவது.