டெஸ்ட் ஆட்டோமேஷன் நேர்காணலில் கோடிங் கேள்வி: படிப்படியாகத் தயாராவது எப்படி?

ஆட்டோமேஷன் டெஸ்டர் (மென்பொருளைத் தானாகச் சோதிக்கும் நிரல்களை எழுதுபவர்) வேலைக்கான நேர்காணலில் கிராஃப், டைனமிக் புரோகிராமிங் போன்ற கனமான கணக்குகள் அரிதாகவே வரும். ஸ்ட்ரிங் (எழுத்துத்தொடர்), அரே (மதிப்புகளின் வரிசை), மேப் (சாவியும் அதற்கான மதிப்பும் சேர்ந்த தொகுப்பு) இவற்றை வைத்து 20 வரிக்குள் முடிகிற கேள்விகளே அதிகம். ஆனாலும் பலர் இங்கேதான் தோற்கிறார்கள். விடை தெரியாமல் தோற்பவர்களைவிட, எழுதியதைச் சோதிக்காமல் "முடிந்தது" என்று கையைத் தூக்கித் தோற்பவர்களே அதிகம். டெஸ்டர் வேலைக்கு வந்தவர் தன் நிரலையே சோதிக்கவில்லை என்றால் எதிரே இருப்பவர் என்ன நினைப்பார்?

கேள்விகள் பொதுவாக மூன்று வகை. நிரல் மட்டும் எழுதச் சொல்வது, பிரவுசரையோ ஏபிஐயையோ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) வைத்துச் சோதனை எழுதச் சொல்வது, வீட்டில் செய்து அனுப்பச் சொல்வது. முதல் வகையில் நன்றாகப் பழகினால் மற்ற இரண்டும் பாதி எளிதாகிவிடும்.

படி 1: ஒரே மொழி, வெறும் எடிட்டர்

ஜாவாவோ பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ, ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை விளம்பரத்தில் உள்ள மொழியாக இருந்தால் நல்லது. பழகும்போது தானாக நிரப்பித் தரும் வசதியை அணைத்துவிடுங்கள். நேர்காணலில் பகிரப்படும் எடிட்டரில் பெரும்பாலும் அது இருக்காது. ஸ்ட்ரிங்கின் நீளம் எடுப்பது, மேப்பில் ஒரு சாவி இருக்கிறதா என்று பார்ப்பது, லிஸ்ட்டை வரிசைப்படுத்துவது ஆகிய மூன்றும் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

படி 2: எழுதும் முன் கேளுங்கள்

"ஒரு ஸ்ட்ரிங்கில் திரும்ப வராத முதல் எழுத்தைக் கண்டுபிடி" என்ற கேள்வி வந்தால், எழுதத் தொடங்கும் முன் கேட்க வேண்டியவை:

- காலி ஸ்ட்ரிங் வருமா? நல் (null, மதிப்பே இல்லாதது) வருமா?
- எல்லாமே திரும்ப வந்தால் எதைத் திருப்பித் தர வேண்டும்?
- பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றா, வெவ்வேறா?
- இடைவெளியும் ஒரு எழுத்தாகக் கணக்கா?
- ஆங்கில எழுத்து மட்டும்தானா?

கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். 'தமிழ்' கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு. ஸ்ட்ரிங்கைத் தலைகீழாக்கும் வழக்கமான நிரலில் இதைப் போட்டால் முதலில் ஒரு புள்ளி தனியாக நிற்கும், மகரத்தின் கொக்கி ழகரத்தில் ஒட்டிக்கொண்டு 'ழிமத' என்று வரும். இதைச் சரிசெய்து காட்டச் சொல்ல மாட்டார்கள். ஆனால் இப்படி ஒரு உள்ளீடு உண்டு என்று நீங்கள் சொன்னாலே, டெஸ்டராக யோசிக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

படி 3: முதலில் நேர்வழி, பிறகு நல்வழி

அதே கேள்வியைத் தொடர்வோம். உள்ளீடு '373972' என்று வையுங்கள். 3, 7 இரண்டும் திரும்ப வருகின்றன. திரும்ப வராதவை 9, 2. முதலில் வருவது 9, அதுவே விடை.

நேர்வழி: ஒவ்வோர் எழுத்தையும் மற்ற எல்லா எழுத்துகளோடும் ஒப்பிடுவது. லூப்புக்குள் லூப். 1,000 எழுத்து இருந்தால் ஏறக்குறைய 10 லட்சம் ஒப்பீடு. இதை வாயால் சொல்லிவிட்டு அடுத்த வழிக்குப் போங்கள். வேறு வழி தோன்றவில்லை என்றால் இதையே எழுதுங்கள். ஓடுகிற மெதுவான நிரல், பாதியில் நிற்கும் வேகமான நிரலைவிட மேல்.

நல்வழி இரண்டு சுற்று:

1. காலியான மேப் ஒன்று எடுங்கள்.
2. முதல் சுற்றில் ஒவ்வோர் எழுத்துக்கும் அது எத்தனை முறை வந்தது என்று மேப்பில் கூட்டிக்கொண்டே போங்கள்.
3. இரண்டாம் சுற்றில் ஸ்ட்ரிங்கை முதலிலிருந்து பாருங்கள். மேப்பில் எண்ணிக்கை 1 என்று இருக்கும் முதல் எழுத்தைத் திருப்பித் தாருங்கள்.
4. எதுவும் கிடைக்காவிட்டால், படி 2-இல் பேசி முடிவு செய்த மதிப்பைத் தாருங்கள்.

இங்கே நடக்கும் பிழை மூன்றாவது வரியில்தான். ஸ்ட்ரிங்கைப் பார்ப்பதற்குப் பதில் மேப்பையே சுற்றுகிறார்கள். ஜாவாவின் ஹேஷ்மேப், போட்ட வரிசையைக் காப்பாற்றும் என்று எந்த உறுதியும் தருவதில்லை. '373972'-க்கு மேப்பைச் சுற்றினால் 9-க்குப் பதில் 2 வந்து நிற்கும். லிங்க்ட் ஹேஷ்மேப் வைத்தால் வரிசை காக்கப்படும். பைத்தானின் டிக்‌ஷனரி 3.7 பதிப்பிலிருந்து போட்ட வரிசையைக் காப்பதால் அங்கே இந்தப் பிழை தெரியாது. ஸ்ட்ரிங்கையே இரண்டாம் முறை சுற்றினால் எந்த மொழியிலும் கவலையில்லை.

படி 4: உங்கள் நிரலை நீங்களே உடையுங்கள்

சாதாரண உள்ளீடு ஒன்று சரியாக வந்ததும் நிறுத்தாதீர்கள். காலி, ஒரே எழுத்து, எல்லாம் ஒன்றே, விடை கடைசியில் இருப்பது, விடையே இல்லாதது என்று ஐந்தையாவது ஓட்டிக் காட்டுங்கள். ஓட்ட வசதி இல்லாத எடிட்டர் என்றால் வரிவரியாக மாறிகளின் மதிப்பை வாயால் சொல்லிக்கொண்டு போங்கள்.

எந்த உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அரேயில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் கேள்வியைப் பாருங்கள். புதிய பெரிய எண் வரும்போது மட்டும் பழையதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிற நிரல் 4, 6, 8 என்ற உள்ளீட்டில் 6 என்று சரியாகச் சொல்லும். 8, 4, 6 கொடுத்தால் தவறிவிடும். 8 முதலிலேயே வந்துவிட்டதால் அதற்குப் பிறகு எதுவும் இரண்டாம் இடத்துக்குப் போகாது. ஏறுவரிசையில் மட்டும் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. தொடக்க மதிப்பை 0 என்று வைத்தால் எல்லாமே மைனஸ் எண்ணாக உள்ள அரேயில் 0 என்று விடை வரும், அரேயில் இல்லாத எண்! 9, 9, 5-க்கு விடை 9-ஆ 5-ஆ என்பதை முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஜாவாவில் எழுதுபவர்களுக்கு இன்னும் இரண்டு பொறிகள். இரண்டு சொற்கள் அனகிராமா (ஒன்றின் எழுத்துகளை இடம் மாற்றினால் மற்றது வருமா) என்று பார்க்க இரண்டு மேப்களின் எண்ணிக்கைகளை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 127 வரை சரியாக வரும், 128 ஆனதும் வழக்கமாகப் பொய்த்துவிடும். மைனஸ் 128 முதல் 127 வரையிலான இன்டீஜர் ஆப்ஜெக்ட்களை ஜாவா சேமித்து வைத்து மீண்டும் பயன்படுத்துகிறது, அதற்கு மேல் புதிது புதிதாக உருவாக்குகிறது, இரட்டைச் சமக்குறியோ இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டா என்றுதான் பார்க்கும் என்பதே காரணம். மதிப்பை ஒப்பிடும் ஈக்வல்ஸ் மெத்தடைப் பயன்படுத்துங்கள். அடுத்தது, 1 முதல் ஒரு எண் வரையிலான வரிசையில் விடுபட்டதைக் கூட்டுத்தொகை வாய்பாட்டால் (கடைசி எண்ணை அடுத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுப்பது) தேடுவது. கடைசி எண் 46,341 ஆகும்போதே அதையும் அடுத்த எண்ணையும் பெருக்கினால் இன்ட் (ஜாவாவின் வழக்கமான முழு எண் வகை) தாங்கும் 2,147,483,647-ஐத் தாண்டிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, தவறான எண் அமைதியாக வரும். இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் லாங் வகைக்கு மாற்றிவிட்டுப் பெருக்குங்கள்.

படி 5: பிரவுசர் கேள்வி

"இந்த அட்டவணையின் விலைப் பத்தி ஏறுவரிசையில் இருக்கிறதா என்று செலினியத்தில் சோதனை எழுது." நல்ல கேள்வி இது (செலினியம், பிரவுசரை நிரலால் இயக்கும் கருவி). எப்போதும் 'பாஸ்' ஆகிற சோதனையை அறியாமலே எழுதிவிட இதில் குறைந்தது மூன்று வழி உண்டு.

1. பத்தியின் எல்லாச் செல்களையும் ஒரே லொக்கேட்டரால் (பக்கத்தின் ஒரு பகுதியை, அதாவது எலிமென்ட்டை, கண்டுபிடிக்க உதவும் குறிப்பு) எடுங்கள். ஒற்றை எலிமென்ட்டைத் தேடும் கட்டளை கிடைக்காவிட்டால் பிழை எறியும். பலவற்றைத் தேடும் கட்டளை அப்படியில்லை, காலி லிஸ்ட்டைத் தந்துவிட்டுச் சும்மா இருக்கும். காலி லிஸ்ட் எப்போதுமே 'வரிசையாக' இருப்பதால் லொக்கேட்டர் தவறாக இருந்தாலும் சோதனை பாஸ்! எனவே எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்கு மேல் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.
2. எழுத்தாக வந்ததைக் காற்புள்ளி நீக்கி எண்ணாக மாற்றுங்கள். 1,200, 350, 90 என்பது எழுத்தாகப் பார்த்தால் ஏறுவரிசை, எண்ணாகப் பார்த்தால் இறங்குவரிசை.
3. லிஸ்ட்டுக்குத் தனி நகல் எடுத்து, நகலை மட்டும் வரிசைப்படுத்தி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். புதிய மாறிக்குப் பழைய லிஸ்ட்டை அப்படியே ஒதுக்கினால் இரண்டும் ஒரே லிஸ்ட்தான். ஒன்றை வரிசைப்படுத்தினால் மற்றதும் வரிசையாகிவிடும்.

முடித்ததும் எதிர்பார்ப்பைத் தலைகீழாக மாற்றி, சோதனை ஒருமுறையாவது 'ஃபெயில்' ஆவதைக் காட்டுங்கள்.

தலைப்பைச் சொடுக்கிய பிறகு வரிசை மாறுகிற அட்டவணை என்றால் காத்திருப்பும் சேரும். 5 விநாடி தூங்கவைப்பது வேண்டாம். பக்கம் வேகமாக வந்தால் நேரம் வீண், மெதுவாக வந்தால் சோதனை உடையும். செலினியத்தின் காத்திருப்பு வசதியான வெப்டிரைவர் வெயிட் இயல்பாக 500 மில்லி விநாடிக்கு ஒருமுறை நிபந்தனையைப் பார்க்கும். அட்டவணை முழுதும் புதிதாக வரையப்படுகிறதென்றால், அட்டவணையின் பழைய முதல் கிடைவரிசை (ரோ) செல்லாததாகும் வரை காத்திருந்துவிட்டுச் செல்களை மறுபடி தேடுங்கள். பழைய எலிமென்ட்டையே தொட்டால் 'ஸ்டேல் எலிமென்ட்' பிழை வரும். இம்ப்ளிசிட் (எல்லாத் தேடலுக்கும் பொதுவானது), எக்ஸ்பிளிசிட் (ஒரு நிபந்தனைக்கு மட்டுமானது) காத்திருப்புகளைக் கலக்கவும் கூடாது. 10 விநாடியும் 15 விநாடியும் கலந்தால் 20 விநாடி கழித்து டைம்அவுட் ஆகலாம் என்று செலினியத்தின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது.

படி 6: ஏபிஐ கேள்வி

200 (வெற்றி என்று சர்வர் தரும் பதில் குறியீடு) வந்ததா என்று மட்டும் பார்த்து நிறுத்துவது பாதி வேலை. புதிய பதிவை உருவாக்கி 201 (உருவானது) பாருங்கள், வந்த அடையாள எண்ணை வைத்து மீண்டும் எடுத்து ஒவ்வொரு புலத்தையும் ஒப்பிடுங்கள், நீக்குங்கள், மறுபடி தேடி 404 (கிடைக்கவில்லை) வருகிறதா என்று பாருங்கள். டோக்கன் (யார் என்று காட்டும் அடையாளச் சீட்டு) இல்லாமல் போனால் 401, டோக்கன் இருந்தும் உரிமை இல்லாவிட்டால் 403. இந்த வேறுபாட்டை அடிக்கடி கேட்பார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பதிவின் பெயரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் முறை 'ஏற்கெனவே உள்ளது' என்று மறுக்கும். தொகையைக் கூட்டி ஒப்பிடும்போது கவனம்: டபுள் (தசம எண்) வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும்.

படி 7: 45 நிமிடத்தைப் பிரிப்பது

கேள்வி கேட்க 5, வழியைச் சொல்ல 5, எழுத 20, சோதிக்க 10, மீதி 5 எதிர்பாராததற்கு. எழுத்து நேரம் நீண்டால் சோதனை நேரத்தைக் கடன் வாங்காதீர்கள். நிரலின் ஒரு பகுதியை உள்ளே எதுவும் எழுதாத வெறும் மெத்தடாக விட்டுவிட்டு, "இது இன்னதைத் தரும்" என்று சொல்லிக் கடந்து போங்கள். சிக்கிக்கொண்டால் அமைதியாக இருப்பது மோசம். எதை எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்பதைச் சத்தமாகச் சொன்னால் பெரும்பாலும் ஒரு குறிப்பு கிடைக்கும்.

வீட்டில் செய்து அனுப்பும் வேலை

30 சோதனைகள் எழுதத் தேவையில்லை. நம்பகமான ஐந்தாறு போதும். பக்கத்தின் லொக்கேட்டர்கள் பேஜ் ஆப்ஜெக்ட்டிலும் (அந்தப் பக்கத்துக்கென எழுதும் தனி கிளாஸ்) ஒப்பீடுகள் சோதனையிலும் இருக்கட்டும். கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதாதீர்கள். ஒரே கட்டளையில் ஓட வேண்டும், அந்தக் கட்டளை ரீட்மீ கோப்பின் மேல்பகுதியிலேயே இருக்க வேண்டும். அனுப்பும் முன் வேறொரு ஃபோல்டரில் புதிதாக இறக்கி ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணினியின் முழுப் பாதை நிரலில் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதில் பெரும்பாலும் சிக்கிவிடும்.